'உம்' கொட்டும் நேயரும் கேள்வி கேட்கும் நேயரும்

கதை சொல்லத் தொடங்குமுன் நம் வீட்டுக் கிழவிகள் ஒரு நிபந்தனை விதிப்பார்கள்: கேட்கிறவன் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நின்றுவிடும். கதை என்பது இருவர் சேர்ந்து செய்கிற தொழில் என்ற உண்மையைப் பள்ளிக்கூடத்து வாசலை மிதியாத அந்தக் கிழவி நன்றாக அறிந்திருந்தாள். பிள்ளையும் வெறுமனே 'உம்' கொட்டிக்கொண்டு கிடப்பதில்லை. 'பிறகு?' என்று அவசரப்படுத்தும். 'ராசா ஏன் அவளைக் காட்டுக்கு அனுப்பினான்? அவள் என்ன பிழை செய்தாள்?' என்று மடக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது கதை புதிதாக ஒரு கிளை விடும். ராசாவின் நியாயம் சற்றே ஆட்டம் காணும்.

அச்சு வந்தபோது கதை செவியைவிட்டுக் கண்ணுக்குப் போயிற்று. வானொலி அதை மீண்டும் செவிக்குக் கொண்டுவந்தது. இன்று கைத்தொலைபேசி அதை ஒவ்வொருவர் காதோடும் ஒட்டவைத்திருக்கிறது. ஊரும் உறவும், வீடும் அடுப்பும், கடலும் காற்றும் என்று சமூகம், குடும்பம், உணவு, இயற்கை ஆகிய நான்கையும் சுற்றி ஒலிக்கதைகள் பெருகி வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. எழுத்தறியாதவரும் கண்ணொளி மங்கியவரும் கை ஓயாமல் வேலை செய்வோரும் இலக்கியத்தின் பக்கம் வர இது வழி செய்கிறது. ஆனால், இக்கதைகளுக்கு நேயர் தரும் மறுமொழிகளைப் பாருங்கள். 'அருமை', 'கண் கலங்கிவிட்டது', 'ஊர் நினைவு வந்துவிட்டது' என்பவையே அவற்றில் மிகுதி. இவை எல்லாம் 'உம்' கொட்டல்கள். 'பிறகு?' எங்கே? 'ஏன்?' எங்கே? நேயரின் கண்ணீரைக் கண்டதும் கதை வெற்றி பெற்றுவிட்டது என்று முடிவு கட்டிவிடலாமா? ஒலிக்கதையின் மதிப்பை அதற்கு வரும் மறுமொழியைக் கொண்டு அளப்பதானால், எந்த மறுமொழியை அளவுகோலாகக் கொள்வது?

இக்கேள்விகளை ஆகாயத்தில் வைத்து ஆராய்வதால் பயனில்லை. ஒரு மண்ணில் ஊன்றிப் பார்க்க வேண்டும். அதற்கு மன்னார்க் கரையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 'நாம்', 'நம்மூர்' என்ற சொற்களை அங்கே எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதே அதற்குக் காரணம்.

* * *

மன்னார்த் தீவு கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மணல் நாக்கு. ஒரு முனை பாலத்தால் பெருநிலத்தோடு இணைந்திருக்கிறது. மறுமுனை தலைமன்னாரில் முடிந்து, ஆதாம் பாலம் என்றும் இராமர் அணை என்றும் இரு மரபுகள் பெயர் சூட்டிய மணற்றிட்டுக்களாகத் தனுஷ்கோடியை நோக்கிச் செல்கிறது. பனை வளரும் மண். தெருவெல்லாம் கழுதைகள் திரியும் ஊர். பள்ளிமுனையில் ஆப்பிரிக்க நாட்டுப் பெருக்க மரம் தூணைப்போல் பருத்து நிற்கிறது. பேசாலையில் கத்தோலிக்க மீனவர்; எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் முஸ்லிம் மக்கள்; பாலத்தைக் கடந்தால் திருக்கேதீச்சரம், அதற்கப்பால் கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் வயல்கள், காட்டிடையே மடுத் திருத்தலம்.

இங்குள்ள மக்கள் செவியால் வாழ்ந்தவர்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்தவர்கள் மறுமொழி பாடுவார்கள். அந்த மறுமொழியின் தாளத்தில்தான் வலை கரைக்கு நகரும். மறுமொழி தளர்ந்தால் கயிறும் தளரும். கேட்பவர் வேறு, பாடுபவர் வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. கூத்தும் அத்தகையதே. மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்கரிடையே நாட்டுக்கூத்து தலைமுறை தலைமுறையாக வேரூன்றியிருக்கிறது. 'எண்டிறீக்கு எம்பரதோர்', 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' முதலிய கூத்துக்களை ஏட்டிலிருந்து அச்சேற்றும் பணியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ஈடுபட்டார். பேரரசனைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல் ஒன்று மீனவர் நாவில் ஏறி 'எம்பரதோர்' ஆகிவிட்டது. இக்கூத்துக்களின் பாட்டும் கதையும் பார்வையாளருக்கு மனப்பாடம். விடிய விடிய மணலில் அமர்ந்திருப்பவர்களின் காதுக்குத் தப்பி ஆட்டக்காரன் ஓரடியைக்கூட விழுங்கிவிட முடியாது. கேட்போரே அங்கு நீதிபதிகள்.

இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. பழையது எல்லாம் பொற்காலம் என்று மயங்குவது நம் நோக்கமன்று. அம்பாவைச் சேர்ந்து பாடியவர்கள் மீனைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை. வலையும் வள்ளமும் யாருடையனவோ அந்தச் சம்மாட்டிக்கே பெரும்பங்கு போயிற்று. கூத்தில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள்; கதையின் நாயகி ஞானசவுந்தரியாக இருந்தும் மேடையில் பெண்ணுக்கு இடமில்லை. பாட்டில் இருந்த சமத்துவம் வாழ்வில் இல்லை என்பதே உண்மை. ஆயினும், மறுமொழி சொல்லும் உரிமையை அந்தக் கலை கேட்போரிடமிருந்து பறிக்கவில்லை. இனி வரப்போகும் கருவியோடு ஒப்பிடும்போது இதன் பெருமை விளங்கும்.

* * *

இலங்கையில் 1925இல் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. 1949இல் 'ரேடியோ சிலோன்' என்ற பெயர் வந்தது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆயிற்று. தமிழ் நாடகப் பகுதியைச் 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் வளர்த்தார். மேடைச் செந்தமிழில் கர்ச்சித்த அரசர்களுக்குப் பதிலாக, யாழ்ப்பாணத்து நடுத்தர வீட்டுப் பேச்சை ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்தது அக்காலத்து நாடகங்களின் சாதனை. இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் 1954இல் தோன்றி, தேசிய இலக்கியம், மண்வாசனை என்ற குரல்கள் எழுந்த காலமும் அதை ஒட்டியதே. மக்களின் பேச்சுமொழி இலக்கியத்துக்கு உரியது என்பதை ஏட்டில் நிலைநாட்ட எழுத்தாளர் வாதாடிக்கொண்டிருந்தபோது, வானொலி அதைச் செவிக்குப் பழக்கிவிட்டது.

அலைகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. பாக்குநீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டின் பட்டி தொட்டிகளிலும் இலங்கை வானொலி ஒலித்தது. நேயர்களின் கடிதங்கள் கடல் கடந்து கொழும்புக்கு வந்தன. அந்நிகழ்ச்சிகளுள் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது 'இசையும் கதையும்'. நேயர் ஒருவர் எழுதியனுப்பும் கதையை, இடையிடையே திரைப்படப் பாடல்களைச் சேர்த்து, அறிவிப்பாளர் உருக்கமாகப் படிப்பார். நேயரே கதாசிரியர்! மறுமொழி சொல்லக் காத்திருந்தவர் மேடைக்கே ஏறிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். இது ஒரு சனநாயக முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. அதுவரை கதை எழுதும் துணிவே இல்லாதிருந்த எத்தனையோ பெண்களும் மாணவர்களும் தொழிலாளரும் தாளும் பேனாவும் எடுத்தார்கள் என்றால் அந்நிகழ்ச்சியைக் குறைத்து மதிப்பிட முடியாது.

ஆனால் அதன் அமைப்பை உற்றுப் பாருங்கள். கதையில் பிரிவு வந்தவுடன் பிரிவுக்கான திரைப்பாடல். சோகம் வந்தவுடன் சோகப்பாடல். நேயர் தம் ஊர்க் குடும்பத்தின் துயரத்தை எழுதுகிறார். அத்துயரம் எந்தக் கூலிப் பிரச்சினையில், எந்தச் சீதனக் கொடுமையில் முளைத்தது என்று கேட்பவர் யோசிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில், சென்னைப் படப்பிடிப்புக் கூடத்தில் உருவான கண்ணீர் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மன்னாரில் நடந்த கதையும் மதுரையில் நடந்த கதையும் ஒரே பாட்டில் கரைந்து ஒன்றாகின்றன. நேயருக்குப் பேனா கிடைத்தது; உணர்ச்சியோ ஆயத்தமாக வெளியிலிருந்து வந்தது. இன்றைய ஒலிக்கதைகளில் திரைப்பாடலின் இடத்தைப் பின்னணிக் குழலும் பதிவு செய்த அலையோசையும் பிடித்திருக்கின்றன. கருவி மாறிற்று, குறை மாறவில்லை.

கண்ணீர் ஒரு சான்றுதான். எதற்குச் சான்று என்பதே கேள்வி. இங்கிலாந்தில் உழவர்களுக்கு வேளாண்மைச் செய்தி சொல்வதற்கென்று 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகம் 1951இல் நாடு முழுவதும் ஒலிக்கத் தொடங்கியது. 1955 செப்டம்பரில், போட்டித் தொலைக்காட்சி தொடங்கிய அதே இரவில், அத்தொடரின் இளம் மனைவி பாத்திரம் தீ விபத்தில் இறந்தது. நேயர்களின் தொலைபேசி அழைப்புகளும் கடிதங்களும் பி.பி.சி.யில் குவிந்தன. நிழல் பாத்திரத்துக்காக ஒரு நாடு அழுதது. செவிக் கலையின் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆற்றல் அன்று போட்டியாளரின் முதல் இரவை மறைக்கப் பயன்பட்டது என்பதையும் மறக்கலாகாது. கண்ணீர் எவ்வளவு பெருகியது என்பது நாடகத்தின் வலிமையைக் காட்டும். நேயரின் வாழ்வில் அது எதை அசைத்தது என்பதைக் காட்டாது.

அசைத்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு தஞ்சையில் கிடைக்கிறது. 1960களில் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வழியாக ஆடுதுறை 27 என்ற நெல்லைப் பற்றி உழவர்கள் கேட்டறிந்து பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கிற்று. இதுவும் நேயரின் மறுமொழிதான். கடிதத்தில் எழுதாமல் வயலில் எழுதிய மறுமொழி! பசுமைப் புரட்சியின் நன்மை தீமைகள் வேறு விவாதம். கேட்ட சொல்லைத் தம் வாழ்வோடு உரசிப் பார்த்து, அதற்குத் தாமே பெயரும் இட்ட நேயரை இங்கே காண்கிறோம் என்பதே நமக்கு வேண்டியது.

* * *

வானொலியின் இந்த ஒருவழிப் போக்கை முதலில் கூர்மையாகக் கண்டவர்களுள் ஒருவர் ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட். 1932இல் ஆற்றிய உரையொன்றில், வானொலி வெறும் விநியோகக் கருவியாக இருக்கிறது, அதை உறவாடும் கருவியாக மாற்ற வேண்டும், நேயரைக் கேட்க மட்டும் வைக்காமல் பேசவும் வைக்க வேண்டும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். அது கனவு என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். நம் துணைக்கண்டத்திலேயே அக்கனவுக்கு ஒரு சிறு செயல்வடிவம் கிடைத்தது. 1956இல் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன், பூனாவை மையமாகக் கொண்டு ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. கிராமத்தவர் கூடிக் கேட்டார்கள், கேட்டதை விவாதித்தார்கள், தங்கள் கேள்விகளை நிலையத்துக்கு அனுப்பினார்கள், நிலையம் அவற்றுக்கு விடை சொல்லிற்று. இதை ஆராய்ந்த பால் நியூராத் கண்ட முடிவு குறிப்பிடத்தக்கது. கூடி விவாதித்த ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்தது. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களில் வளர்ச்சி சொற்பமே. பெட்டி ஒன்றுதான், பயனோ கூடிப் பேசியதால் வந்தது.

இலங்கையில் 1981இல் தொடங்கிய மகாவலிச் சமூக வானொலியில் தயாரிப்பாளர்கள் கிராமங்களில் தங்கி, அவ்வூர் மக்களின் குரலையே பதிவு செய்தார்கள். ஆனால் அது அரசின் பெருந்திட்டத்துக்குள் பிறந்த குழந்தை. குடியேற்றக் கிராமத்து மக்கள் பாட்டையும் கதையையும் தாராளமாகச் சொல்லலாம், திட்டத்தையே கேள்வி கேட்பது எளிதாக இருக்கவில்லை. மன்னாருக்கு எதிர்க்கரையிலே, பாம்பனில், 2016இல் 'கடல் ஓசை' என்ற மீனவர் சமூக வானொலி தொடங்கப்பட்டது. காற்றின் வேகமும் கடலின் நிலையும் மீனவரின் வாழ்வும் அதன் பொருள்கள். மீனவன் தன் சொல்லில் தன் கடலைப் பற்றிக் கேட்கிறான், தானும் பேசுகிறான். நல்ல தொடக்கம். ஆனால் இரு கரைக்கும் இடையே கிடப்பது வெறும் நீரல்ல, வழக்கும்கூட. ஒரு கரையின் நேயர் மறுகரையின் நேயருக்கு என்ன மறுமொழி சொல்வார் என்ற கேள்வி இன்னும் நிற்கிறது.

* * *

இந்த அளவுகோல்களைக் கொண்டு ஒரு சோதனை செய்வோம். இன்றைய ஒலிக்கதைகளின் வழக்கமான அச்சில் வார்த்த ஒரு மன்னார்க் கதையை நாமே கற்பனை செய்துகொள்வோம். ஒரு தாத்தாவும் பேரனும். தாத்தா தம் இளமையைச் சொல்கிறார். எல்லோரும் ஒருதாய்ப் பிள்ளைகளாக வாழ்ந்த ஊர். தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் பார்த்த குடும்பம். மழைநாளில் அம்மா ஆக்கிய ஒடியற்கூழ். வாடை வந்ததும் நிறம் மாறும் கடல். அலையோசையோடு கதை முடிகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லாத கதை. கேட்டவர்கள் 'அருமை' என்பார்கள். இனி இதை நான்கு நேயர்கள் கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் எருக்கலம்பிட்டியில் பிறந்து புத்தளத்தில் வாழ்பவர். 'ஒருதாய்ப் பிள்ளைகள்' என்ற இடத்தில் அவர் ஒலியை நிறுத்திவிடுவார். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சில நாள் தவணை. தலைமுறைகள் தேடிய பொருளை விட்டுவிட்டு, மக்கள் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வட மாகாணம் முழுவதிலிருந்தும் அவ்வாறு துரத்தப்பட்டவர் ஏறத்தாழ 70,000 பேருக்கு மேல். அவருடைய வாழ்க்கையையே மாற்றிய ஒலி அந்த ஒலிபெருக்கி. அதற்கு அவர் 'உம்' கொட்டவும் இல்லை, கொட்ட அவரை யாரும் கேட்கவும் இல்லை. இந்தத் தாத்தாவின் கதையிலாவது தமக்கு இடம் உண்டா என்று அவர் தேடுகிறார். 'அன்று உங்கள் தாத்தா எங்கே நின்றார்? வாசலில் நின்று அழுதாரா, வாயடைத்து நின்றாரா, எங்கள் வீட்டுக் கதவைத் திறந்தாரா?' என்று அவர் கேட்பார். இக்கேள்வி கதையைக் கெடுக்க வந்ததன்று. கதையின் மையமே இதுதான். தமிழ் மக்கள் பட்ட துன்பத்தைச் சொன்னால் இதற்கு விடை ஆகிவிடாது. அத்துன்பமும் பெரிது. 1980களிலிருந்து இதே கரையிலிருந்து நள்ளிரவில் படகேறி மண்டபம் முகாமுக்குப் போன குடும்பங்கள் எத்தனை! 2006 ஜூனில் பேசாலைத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீதே தாக்குதல் நடந்தது. ஆனால் நம் காயத்தைக் காட்டி நாம் செய்ததையோ செய்யவிட்டதையோ மறைக்கும் கதை உண்மைக் கதை ஆகாது.

இரண்டாமவர் நீலகிரியில் தேயிலை கிள்ளும் ஒரு மூதாட்டி. இறங்குதுறையும் கப்பலும் அவருக்கு இன்ப நினைவுகள் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவருடைய முன்னோர் இந்த மன்னார்க் கரையில்தான் இறங்கினார்கள். காட்டு வழியே கண்டி மலைக்கு நடந்தார்கள். வாந்திபேதியிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். 1914 முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1948இல் மலையக மக்களின் குடியுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று மனிதரைப் பங்கு போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறிற்று. அனுப்பப்பட்டவர்கள் அதில் ஏறினார்கள். அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை ஒரு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிளந்தன. ஒருவருக்குக் கப்பல் வேடிக்கை. மற்றவருக்கு அது வாழ்க்கையை அறுத்த கத்தி. 'கப்பல் பார்க்க வந்த உங்கள் கண்ணில் நாங்கள் பட்டோமா?' என்று மூதாட்டி கேட்டால் கதாசிரியர் என்ன சொல்வார்?

மூன்றாமவர் பேசாலையில் கருவாடு போடும் பெண். கூழின் மணம் அவருக்கும் பிடிக்கும். ஆனால் அவருடைய கேள்வி அடுப்பிலிருந்து எழும். பனங்கிழங்கைத் தோண்டி, கிழித்து, வெயிலில் உலர்த்தி, ஒடியலாக்கி, இடித்து மாவாக்கியது யார்? கடலுக்குப் போக முடியாத நாட்களில், கையில் கிடைத்த சிறுமீனையும் நண்டையும் கொண்டு பத்து வயிற்றை நிரப்பக் கண்டுபிடித்த உபாயம் அல்லவா அது? சட்டியில் கடைசியாகக் கை வைத்தது யார்? அவளுக்கு என்ன மிஞ்சியது? உணவைப் பற்றிய கதைகள் சுவையைச் சொல்லி உழைப்பை மறைத்துவிடுகின்றன. 'அம்மாவின் கைமணம்' என்ற சொல் அழகானது. அந்தக் கையின் காய்ப்பைக் கண்டும் காணாமல் போகச் செய்வதில் அச்சொல்லுக்கு ஒரு பங்கு உண்டு.

நான்காமவர் பாம்பனில் விசைப்படகில் கூலிக்குப் போகும் இளைஞர். 'கடல் நம் தாய்' என்ற சொல்லுக்கு அவரும் தலையசைப்பார். ஆனால் அதே கதையை மன்னார்க் கரையில் கேட்கும் மீனவர், 'உங்கள் இழுவை மடி என் வலையை அறுத்துக்கொண்டு போயிற்றே, தாயின் வயிற்றையே வாருகிறதே!' என்பார். அடித்தளத்தை வாரும் இழுவை மடியை 2017இல் இலங்கை சட்டத்தால் தடை செய்தது; பூசல் தீரவில்லை. இருவரும் ஏழைகள், இருவர் மொழியும் ஒன்று. விசைப்படகின் உடைமையாளர் கடலுக்கே வருவதில்லை. கடலைத் தாயென்று பாடிவிட்டு, யாருடைய மூலதனம் அத்தாயைச் சூறையாடுகிறது என்று சொல்லாமல் விட்டால், ஏழை ஏழையோடு மோதுவதற்கே கதை துணைபோகும். காற்றின் கதையும் இதுவே. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்று மீனவர் பெயர் சொல்லி அழைத்த காற்று இன்று மெகாவாட்டில் அளக்கப்படுகிறது. 2020இல் தீவின் தென்கரையில் 30 கோபுரங்களோடு காற்றாலைப் பண்ணை எழுந்தது. 2025இல் மேலும் கோபுரங்கள் நாட்டுவதையும் கனிம மணல் அகழ்வதையும் எதிர்த்து மன்னார் மக்கள் வீதியில் அமர்ந்து போராடினார்கள். காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது உலகுக்குத் தேவைதான். அதை நாம் மறுக்கவில்லை. வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, பறவைகள் வரும் பாதை தடைபடுகிறது, எங்களைக் கேட்காமலே எங்கள் மண்ணில் முடிவு எடுக்கப்படுகிறது என்பதே அம்மக்களின் முறையீடு. இயற்கையைப் பற்றிய ஒலிக்கதைக்கு வந்த மிகச் சிறந்த மறுமொழி அந்த வீதியில் கேட்ட குரல் என்று சொன்னால் அது மிகையாகாது.

* * *

நான்கு நேயரும் கதையை வெறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கதை அவர்களைத் தொட்டதனால்தான் கேள்வி பிறந்தது. தொடாத கதைக்கு 'அருமை' என்று ஒரு சொல்லை எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். எனவே, தாத்தாக்களின் நினைவுக் கதைகளைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊர் நினைவு ஒரு செல்வம். அகதி முகாமிலும் அந்நிய நாட்டுக் குளிரிலும் மனிதனை மனிதனாக வைத்திருந்தது அந்நினைவே. அதனை இழிவாகப் பேசுவது முற்போக்கு ஆகாது. ஆனால் நினைவு தன் இருண்ட அறைகளைப் பூட்டிவிட்டு முற்றத்தை மட்டும் காட்டும்போது, அது மயக்க மருந்தாகிறது. கேட்பவருக்கு ஆறுதல் தருகிறது. வீட்டை இழந்தவருக்கோ இரண்டாம் முறை வீட்டை மறுக்கிறது.

ஆகவே ஒலிக்கதையை மதிப்பிடும் விமர்சகன் மூன்றைக் கேட்க வேண்டும். கதையில் வரும் 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் நிற்கிறார்கள். யார் வெளியே நிற்கிறார்கள்? கதை எழுப்பும் உணர்ச்சி அதன் நிகழ்ச்சியிலிருந்து ஊறுகிறதா, பின்னணி இசையிலிருந்து கடன் வாங்கப்படுகிறதா? நேயர் கேள்வி கேட்டால் அக்கேள்விக்கு அடுத்த கதையில் இடம் உண்டா? முதலிரண்டும் கதாசிரியனின் பொறுப்பு. மூன்றாவது, கதையை ஒலிக்கச் செய்யும் அமைப்பின் பொறுப்பு. பூனாவின் கிராமங்கள் 1956இலேயே நமக்கு வழி காட்டிவிட்டன. கருவி அன்று அரிது, இன்று மலிவு. கூடிக் கேட்கும் மன்றம்தான் இல்லை. ஒவ்வொருவரும் தம் காதில் தனியே ஒரு கருவியைச் செருகிக்கொண்டு, தனியே கலங்கி, தனியே துடைத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நிலையங்கள் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. வகுப்பறையில் ஒரு கதையை ஒலிக்கச் செய்யுங்கள். முடிந்ததும் பாராட்டுச் சொல்லை விலக்கிவிட்டு, 'இக்கதையில் யார் பேசவில்லை?' என்று கேளுங்கள். மாணவர் தம் வீட்டு முதியவரிடம் கதையைப் பதிவு செய்யட்டும். அதைப் பக்கத்து ஊரில், மற்ற மதத்தார் வீட்டில், மற்றக் கரையில் ஒலிக்கச் செய்து அவர்களின் மறுமொழியையும் பதிவு செய்யட்டும். பேசாலையின் கதையைப் புத்தளமும், புத்தளத்தின் கதையைப் பேசாலையும், இரண்டையும் பாம்பனும் கேட்கட்டும். கதையும் மறுமொழியும் சேர்ந்ததே நூல் என்று கொள்வோம்.

1990இல் அறுந்துபோன தலைமன்னார் ரயில்பாதை 2015இல் மீண்டும் இணைந்தது. இரும்பைப் பொருத்த இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. மனிதரைப் பொருத்த எவ்வளவு காலம் பிடிக்கும் என்று யாரும் கணக்கிட முடியாது. ஆனால் அந்தப் பணி, ஒருவர் கதை சொல்ல, மற்றவர் 'பொறு, அந்த இடத்தில் நான் நின்றேன்' என்று குறுக்கிடும் கணத்தில்தான் தொடங்கும். கதை சொல்பவர் அப்போது கோபப்படாமல் நிறுத்தி, 'சொல்லு' என்று கேட்க வேண்டும். நம் கிழவிகள் அதைச் செய்தார்கள். கருவி பிடித்திருக்கும் நாமும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.